பழசுக்குத்தான் விலை

லண்டனின் டென்மார்க் தெருவில் கிடார்கள் கூரை வரை தொங்குகின்றன. புதிதை விடக் கீறல் விழுந்ததற்கு மதிப்பு அதிகம். ஆனால் தெருவுக்கே இப்போது வயதாகிவிட்டது.

சேரிங் கிராஸ் சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் ஒரு சிறிய தெரு. நூறு மீட்டர் இருந்தால் அதிகம். சாதாரண நடையில் இரண்டு நிமிடத்தில் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்துக்கு எதிரே கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் இந்தத் தெருவை இரண்டு நிமிடத்தில் கடந்த கிடார் பிரியர் எவரும் இருக்க முடியாது. கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சிவப்பும் கருப்பும் தேன் நிறமுமாகத் தொங்கும் வாத்தியங்கள். கதவைத் திறந்தால் உள்ளே யாரோ ஒரு பையன் அதே நாலு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பான். கடைக்காரர் முகத்தில் எந்தச் சலனமும் இருக்காது. அவருக்குப் பழகிவிட்டது.

புதுக் கிடார் எங்கேயும் கிடைக்கும். இந்தத் தெருவின் பெயர் பரவியது பழைய கிடார்களால்தான். சுவரில் உயரமாக, கைக்கு எட்டாத ஆணியில் மாட்டியிருப்பவற்றைப் பாருங்கள். வண்ணம் உரிந்திருக்கும். முழங்கை பட்ட இடத்தில் மரம் வெளியே தெரியும். பின்புறம் பெல்ட் கொக்கி கிழித்த கோடுகள். கீழே புத்தம் புதிதாகப் பளபளக்கும் கிடாரை விட இதற்கு இருபது மடங்கு, சில சமயம் நூறு மடங்கு விலை. முதல் முறை வருபவர் விலைச்சீட்டில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டதோ என்று சந்தேகப்படுவார். சைபர் சரியாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் கிடார் வருவதற்கு முன்னால் வேறு கதைகள் இருந்தன. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தொழுநோயாளிகளுக்கான மருத்துவ இல்லம் ஒன்று இருந்தது. 1665இல் லண்டனைச் சூறையாடிய கொள்ளைநோய் முதலில் தலைகாட்டியது இந்த செயின்ட் கைல்ஸ் வட்டாரத்தில்தான். அதற்குப் பிறகு, 1680களில் எழுந்தது டென்மார்க் தெரு. பின்னாளில் ராணியான ஆனின் கணவர் டென்மார்க் இளவரசர் ஜார்ஜ். அவர் பெயரால் தெருவுக்கு அந்தப் பெயர். அப்போது கட்டிய வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. குறுகலான மரப்படிகள், சாய்ந்த தரை, இருட்டான நிலவறை. ராஜகுமாரன் பெயர் வைத்துக்கொண்டாலும் வட்டாரம் என்னவோ வெகு காலத்துக்கு லண்டனின் மிக மோசமான சேரிகளில் ஒன்றாகவே இருந்தது.

பாட்டு வந்தது 1911இல். லாரன்ஸ் ரைட் என்ற இசைப் பதிப்பாளர் இங்கே கடை போட்டார். ரேடியோ இல்லாத காலம். பாட்டு பிடித்துவிட்டால் அதன் சுரத்தாளை வாங்கி வீட்டுப் பியானோவில் வாசிப்பார்கள். அந்தத் தாளை அச்சிட்டு விற்பதுதான் பெரிய வியாபாரம். ரைட்டைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள். வீட்டுக்கு வீடு பதிப்பகம், அறைக்கு அறை பியானோ. நியூயார்க்கில் இதே தொழில் நடந்த பகுதிக்கு 'டின் பான் ஆலி' என்று பெயர் இருந்தது. ஒரே நேரத்தில் பல பியானோக்கள் ஒலித்தால் தகரப் பாத்திரங்களைத் தட்டுவது போலிருக்குமாம். லண்டனும் அந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொண்டது. 1926இல் ரைட் 'மெலடி மேக்கர்' பத்திரிகையைத் தொடங்கினார். 1952இல் இதே தெருவிலிருந்து 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' வெளிவந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அந்தப் பத்திரிகையின் ஊழியர் சில இசைத்தட்டுக் கடைகளுக்கு டெலிபோன் செய்து, எது அதிகம் விற்றது என்று கேட்டு, ஒரு பட்டியல் போட்டார். பிரிட்டனின் முதல் பாடல் தரவரிசை அதுதான்.

அதே பத்தாண்டில்தான் கிடார் பைத்தியமும் பிடித்தது. ஆனால் ஒரு சிக்கல். இரண்டாம் உலகப் போரில் காலியான கஜானாவில் டாலர் இல்லை. 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளை இறக்குமதி செய்ய பிரிட்டிஷ் அரசு தடை விதித்திருந்தது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஃபெண்டரும் கிப்ஸனும் புதுப்புது எலக்ட்ரிக் கிடார்களைத் தயாரித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, லண்டன் பையன்களுக்கு அவை இசைத்தட்டு உறைகளில் மட்டுமே தரிசனம் தந்தன. ஜெர்மானிய ஹாஃப்னரை வாங்கிக்கொண்டு திருப்திப்பட வேண்டியதுதான். லைசென்ஸ் ராஜ் காலத்தில் வெளிநாட்டு டேப் ரிக்கார்டருக்காக ஏங்கிய இந்தியர்களுக்கு இந்த ஏக்கம் சட்டென்று புரியும்.

தடை நீங்கும் தறுவாயில், 1959இல், பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் தன் குழுவின் கிடார் கலைஞர் ஹாங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வரவழைத்தார். பிரிட்டனுக்கு வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அதுதான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கிளிஃப் ரிச்சர்ட் வேறு யாருமில்லை, 1940இல் லக்னோவில் ஹாரி வெப் என்ற பெயரோடு பிறந்தவர். இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டு குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அதற்குப் பிறகு வெள்ளம்தான். சேரிங் கிராஸ் சாலையில் செல்மர், ஜென்னிங்ஸ் ஆகிய கடைகளின் வாசலில் பையன்கள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றார்கள். டென்மார்க் தெருவின் 4ஆம் எண் வீட்டில் ரீஜன்ட் சவுண்ட் என்ற சின்னஞ்சிறு ஒலிப்பதிவுக்கூடம். எதிரொலியை அடக்கச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். 1964இன் தொடக்கத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தை அங்கேதான் பதிவு செய்தார்கள். அதே தெருவிலிருந்த பதிப்பகம் ஒன்றில் டீ வாங்கி வரும் பையனாக வேலை பார்த்த ரெஜினால்ட் ட்வைட் பிற்காலத்தில் எல்டன் ஜான் ஆனார். 1970களின் நடுவே 6ஆம் எண் வீட்டின் பின்கட்டில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினர் தங்கினார்கள். பாடகர் ஜான் லைடன் சுவரில் கிறுக்கிய கேலிச் சித்திரங்கள் இன்று பாதுகாக்கப்பட்ட சின்னம்! 2016இல் அந்தக் கட்டடத்துக்கு அரசு உயர்தரப் பாரம்பரிய அந்தஸ்து வழங்கியபோது சுவர்க் கிறுக்கலையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர் சுவரில் கிறுக்கினால் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று நம்மூரில் எல்லோருக்கும் தெரியும்.

பாடகர்களே பாட்டு எழுதத் தொடங்கியதும் பதிப்பகங்களுக்கு வேலை குறைந்தது. ஒவ்வொன்றாகக் காலி செய்தன. காலியான இடங்களில் கிடார் கடைகள் நுழைந்தன. 9ஆம் எண் வீட்டில் இருக்கும் நீலப் பலகை, 'டின் பான் ஆலி' 1911இலிருந்து 1992 வரை இங்கே இருந்ததாகச் சொல்கிறது. பலகையை எழுதியவர்களுக்குப் பாட்டெழுதும் தொழில்தான் கணக்கு. கிடார்க்காரர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

பழைய கிடாருக்கு ஏன் இவ்வளவு விலை? கடைக்காரர்கள் மரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். வெட்டி உலர்ந்து, ஐம்பது அறுபது வருடம் அதிர்ந்து அதிர்ந்து மரம் 'திறந்துகொள்ளும்' என்பது அவர்கள் வேதம். இதில் உண்மை எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்கச் சொன்னால் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரியும் என்ற கேள்வியைக் கடைக்குள் எழுப்பாமல் இருப்பது மரியாதை. ஆனால் விலைக்கு வேறு காரணமும் உண்டு. அது சந்தேகத்துக்கு இடமில்லாதது: எண்ணிக்கை.

கிப்ஸன் நிறுவனத்தின் 'லெஸ் பால்' கிடாரை எடுத்துக்கொள்ளலாம். 1958 முதல் 1960 வரை அதைச் சூரிய அஸ்தமனம் போல் நடுவில் மஞ்சளும் விளிம்பில் சிவப்புமாக வண்ணம் தீட்டி விற்றார்கள். அப்போது விலை 300 டாலருக்கும் குறைவு. விற்பனை மந்தம். 1961இல் கிப்ஸன் அந்த வடிவத்தையே கைவிட்டு வேறு வடிவத்துக்குப் போய்விட்டது. மொத்தம் தயாரானவை ஆயிரத்துச் சொச்சம்தான். 1966இல் எரிக் கிளாப்டன் என்ற 21 வயது இளைஞர் அந்தத் தோல்விப் பண்டத்தை ஒரு மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் சொருகி, சத்தத்தை முழுக்க ஏற்றி, ஜான் மேயல் குழுவோடு ஓர் ஆல்பம் வாசித்தார். அந்த ஒலியைக் கேட்ட ஒவ்வொரு கிடார் கலைஞருக்கும் அதே கிடார் வேண்டியிருந்தது. தயாரிப்போ நின்று ஐந்து வருடமாகிவிட்டது. பிறகென்ன, இன்று அசல் 1959 லெஸ் பால் ஒன்றுக்கு லட்சக்கணக்கில் டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. கிளாப்டன் வாசித்த அந்தக் கிடார்? அதே 1966இல் திருட்டுப் போய்விட்டது. இன்று வரை பொதுவில் தலைகாட்டவில்லை.

ஃபெண்டர் கதை கொஞ்சம் வேறு. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249 டாலர் 50 சென்ட். நன்றாகவே விற்றது. ஆனால் 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு தரம் இறங்கியது என்பது வாசிப்பவர்களின் தீர்ப்பு. ஆகவே இந்தத் தெருவில் காலத்தைக் கி.மு., கி.பி. என்று பிரிப்பதில்லை. சி.பி.எஸ்.ஸுக்கு முன், சி.பி.எஸ்.ஸுக்குப் பின். ஒரே வடிவம், ஒரே பெயர். 1964 என்றால் ஒரு விலை, 1974 என்றால் வேறு விலை. வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் யாரும் சீந்தாத 1970களின் கிடார்களும் இப்போது 'பழமை' வரிசையில் ஏறிவிட்டன. அமெரிக்கக் கிடார்களைப் பார்த்து 1970களின் பிற்பகுதியில் ஜப்பானியர்கள் தயாரித்த நகல்களுக்குக்கூடத் தனி ரசிகர்கள் முளைத்திருக்கிறார்கள். காலம் போகப் போக எதுவும் பழசாகும் என்பது இந்த வியாபாரத்தின் பெரிய முதல்.

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலி இல்லாமல் இருக்குமா? வாங்க வருபவர் கிடாரைக் கையில் வாங்கியதும் வாசிப்பார் என்று நினைத்தால் தவறு. முதலில் ஸ்க்ரூ டிரைவர் கேட்பார். ஃபெண்டர் கிடாரின் கழுத்து நாலு திருகாணிகளில் நிற்கிறது. கழற்றினால் அடிப்பாகத்தில், தொழிற்சாலைக்காரர் பென்சிலாலோ ரப்பர் முத்திரையாலோ போட்ட தேதி இருக்கும். அடுத்தது முகப்புத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் இருக்கும் சிறு பாகத்தில் ஓர் எண் பொறித்திருப்பார்கள். முதல் மூன்று இலக்கம் அதைத் தயாரித்த கம்பெனி. 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். மீதி இலக்கங்கள் எந்த வருடம், எத்தனையாவது வாரம் என்று சொல்லும். கழுத்தில் 1962 என்றும் குமிழில் 1966 என்றும் இருந்தால் யாரோ நடுவில் கை வைத்திருக்கிறார்கள். பற்றவைத்த ஈயம் மங்கலாக, தொடப்படாமல் இருக்க வேண்டும், பளபளத்தால் சந்தேகம். கிப்ஸன் பிக்கப்களின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தபால்தலை அளவு காகிதம் ஒட்டியிருக்கும். காப்புரிமை 1959லேயே கிடைத்துவிட்டது, ஆனாலும் அந்தக் காகிதத்தை இன்னும் சில ஆண்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துண்டுக் காகிதம் இருந்தால் பிக்கப்புக்கு மட்டுமே சில ஆயிரம் டாலர்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா விளக்கைப் பிடிப்பார்கள். அந்தக் காலத்து நைட்ரோ செல்லுலோஸ் வார்னிஷ் வயதானதும் அந்த ஒளியில் மங்கிய பச்சை மஞ்சளாகத் தெரியும். ஒட்டுப்போட்ட இடம், புதிதாகப் பூசிய இடம் தனியாகக் காட்டிக் கொடுத்துவிடும். கிப்ஸன் என்றால் தலைப்பகுதி சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் அங்கேதான் உடையும்; ஒட்டிய கோடு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். மறுபடி வண்ணம் பூசிய கிடாருக்குப் பாதி விலைதான் என்பது பொது விதி. வாசிப்பதில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் பாதி. தேய்ந்த ஃப்ரெட் கம்பிகளை மாற்றினால் மன்னிப்பு உண்டு, அது டயர் மாற்றுவது போல. பிரடைகளை மாற்றியிருந்தால் விலை இறங்கும். அதனால்தான் விவரம் தெரிந்த பழைய சொந்தக்காரர்கள் கழற்றிய திருகாணியைக்கூடப் பெட்டிக்குள் ஒரு காகித உறையில் போட்டு வைத்திருப்பார்கள். பெட்டியும் அசலாக இருந்தால் அதற்குத் தனி விலை.

பழசாகக் காட்டுவதே ஒரு தொழிலாகவும் ஆகிவிட்டது. புதுக் கிடாரை வேண்டுமென்றே சுரண்டி, குளிரில் வைத்து வார்னிஷைப் பிளக்கச் செய்து, உலோகத்தில் துரு ஏற்றி விற்கிறார்கள். இதில் ஏமாற்று இல்லை. 1990களின் நடுவிலிருந்து ஃபெண்டரே இப்படி 'ரெலிக்' என்று பெயர் போட்டுத் தயாரிக்கிறது. கீறலுக்குக் கூடுதல் பணம்! புதுப் பாத்திரத்தில் சொட்டை இருந்தால் கடைக்காரரோடு சண்டை போட்டு விலை குறைக்கும் நம்மூர் ஆட்களுக்கு இதை விளங்க வைப்பது கடினம். ஆனால் அதே சாமர்த்தியம் நேர்மையற்றவர் கையில் சிக்கினால் 'ரெலிக்' என்ற சொல் காணாமல் போய் 1959 என்ற எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

போலியை விடப் பெரிய தலைவலி திருட்டு. கிடாருக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. இசைக்குழுவின் வேனிலிருந்து காணாமல் போனது பத்து கை மாறி நல்ல பிள்ளையாகக் கடைக்கு வரலாம். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய, வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் கிடார் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருட்டுப் போனது. பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பாடல்களில் ஒலித்த வாத்தியம். அதைத் தேடுவதற்கென்றே சிலர் ஒன்றுசேர்ந்து பொதுமக்களிடம் துப்புக் கேட்டார்கள். தெற்கு இங்கிலாந்தில், ஹேஸ்டிங்ஸ் நகரில் ஒரு சாதாரண வீட்டின் பரணில் அது கிடந்தது. சொந்தக்காரர் கைக்கு வந்து சேர்ந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானபோது 51 வருடம் ஓடிவிட்டிருந்தது. இந்தத் தெருக் கடைகளில் ஒருவர் பழைய கிடாரோடு நுழைந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு, எங்கே வாங்கியது, ரசீது இருக்கிறதா, பழைய போட்டோ இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பது இதனால்தான். விற்க வருபவர் சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

விற்க வருபவர்கள் யார்? பெரும்பாலும் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள். இளமையில் தவணைக்கு வாங்கி, நாலு வருடம் குழுவில் வாசித்து, கல்யாணமானதும் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. அல்லது அவர்கள் இறந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு வரும் மகனோ மகளோ. அப்பா 60 பவுண்டுக்கு வாங்கியதாகச் சொன்ன பொருளுக்கு ஒரு காரின் விலை கிடைக்கும் என்று கேட்டதும் அவர்கள் முகம் மாறும். சிலர் அங்கேயே மனம் மாறிப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சிலர் கமிஷனுக்கு விட்டுவிட்டுப் போவார்கள்.

வாங்குபவர்கள் யார் என்பதுதான் சங்கடமான கேள்வி. அந்த விலையைக் கொடுக்கக்கூடிய கிடார் கலைஞர்கள் சொற்பம். 2019இல் பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் தன் கருப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரை நியூயார்க்கில் ஏலம் விட்டார். 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்று அவர் விற்ற கிடார்களில் கிடைத்த பணத்தைச் சுற்றுச்சூழல் சட்ட அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு கர்ட் கோபெய்ன் வாசித்த மார்ட்டின் கிடார் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அவை புகழ்பெற்றவர் கை பட்டவை, அந்தக் கணக்கு வேறு. ஆனால் அந்தச் செய்திகளின் சூடு சாதாரணப் பழைய கிடாருக்கும் ஏறிவிடுகிறது. தங்கம், நிலம், ஓவியம் என்ற வரிசையில் கிடாரையும் சேர்த்துக்கொண்ட முதலீட்டாளர், வாங்கியதும் அதைக் காற்று ஈரம் கட்டுப்படுத்திய அறையில் பூட்டிவிடுகிறார். இருபது வயதில் இதே தெருவில் வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்ற பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அது மறுபடியும் போட்டோவில்தான் தரிசனம். 1951இல் தடுத்தது அரசாங்கம். இப்போது தடுப்பது விலை.

தெருவுக்கு வந்த ஆபத்தும் இதே வகைதான். லண்டனைக் கிழக்கு மேற்காகக் குடையும் புதிய ரயில் பாதைக்காகப் பக்கத்து டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. 2009இல் அருகிலிருந்த அஸ்டோரியா அரங்கம் இடிக்கப்பட்டது. ரயில் வரும் என்றால் நிலத்தின் விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவையும் பின்புறச் சந்துகளையும் சேர்த்துப் பெரிய கட்டுமானத் திட்டம் தயாரானது. சிறு குழுக்கள் மேடையேறிய 12 பார் கிளப் 2015 ஜனவரியில் மூடப்பட்டது. சிலர் கட்டடத்துக்குள் புகுந்து தங்கி எதிர்ப்புக் காட்டினார்கள். தெருவைக் காப்பாற்றக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கிளப் இருந்த இடம் ஒரு காலத்தில் கொல்லன் பட்டறை. பழமையான அந்தப் பட்டறையைக் கட்டுமானப் பணிக்காக அப்படியே பெயர்த்து நகர்த்தி வைத்து, பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். கட்டடத்தைக் காப்பாற்ற இவ்வளவு மெனக்கெட்டவர்கள் உள்ளே வாசித்தவர்களைக் காப்பாற்ற மெனக்கெட்டார்களா என்பது தெருக்காரர்கள் கேட்ட கேள்வி.

2022இல் புதிய ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு தெரு முனையில் சுவர் முழுக்கத் திரையாக மின்னும் பிரமாண்டமான காட்சிக்கூடம் திறந்தது. அதன் கீழே இரண்டாயிரம் பேர் நிற்கக்கூடிய இசை அரங்கம். பழைய வீடுகளிலேயே ஒரு சொகுசு ஹோட்டல். நியாயமாகச் சொன்னால் தெரு முன்பை விடச் சுத்தமாகவும் பத்திரமாகவும் இருக்கிறது. பழையது எல்லாம் பொன் என்று கொண்டாடுபவர்கள், தெருவின் பின்புறச் சந்தில் இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் 1980 ஆகஸ்டில் நடந்ததை மறந்துவிடக்கூடாது. அனுமதியில்லாமல் நடந்த இரண்டு இரவு விடுதிகளுக்கு ஒருவன் தீ வைத்தான். 37 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். இந்தத் தெருவின் பாட்டுக் கதைகளைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

கிடார் கடைகள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. சில மூடின, சில வேறு ஊருக்குப் போயின, சில பக்கத்து எண்ணுக்கு மாறி நிற்கின்றன. வியாபாரத்தில் பெரும்பகுதி இப்போது கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கிறது. ஆனால் நாற்பதாயிரம் பவுண்டு கொடுப்பவர் போட்டோவைப் பார்த்துக் கொடுக்கத் தயங்குவார். மடியில் வைத்து, கழுத்தின் பருமன் தன் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கையால் இழைத்த காலத்தில் ஒரு கழுத்து போல் இன்னொன்று இருக்காது. அந்த ஒரு காரியத்துக்காகவாவது கடை வேண்டியிருக்கிறது.

மின்சாரக் கிடார்களின் பரபரப்பில் அகூஸ்டிக் கிடார்களை மறந்துவிட முடியாது. அவற்றின் அறை சற்று உள்ளே, அமைதியாக இருக்கும். அங்கே அரசன் மார்ட்டின். 1833இலிருந்து அமெரிக்காவில் கிடார் செய்யும் குடும்பம். அவர்களுடைய பெரிய உடல் கொண்ட கிடாருக்கு 'ட்ரெட்நாட்' என்று பெயர். ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த டி-28 கிடாரின் விளிம்பில் மீன் முள் போன்ற மெல்லிய மரப்பின்னல் ஓடும். முதுகும் பக்கங்களும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். கருஞ்சிவப்பில் சிலந்தி வலை போல் ரேகை படர்ந்த மரம். அதைத் தட்டினால் மணி போல் ஒலிக்கும் என்பார்கள். டி-45 என்ற ஆடம்பர வகையில் போருக்கு முன் செய்தவை மொத்தமே 91.

1960களின் இறுதியில் பிரேசில், மரத்தை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. மார்ட்டின் மாற்று மரம் தேடியது. கிடைத்தது தென்னிந்தியாவில். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் கட்டிலும் அலமாரியும் செய்த மரம். 1969இன் இறுதியிலிருந்து மார்ட்டின் கிடார்களின் முதுகு நம்மூர் மரமாயிற்று. மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். பிரேசில் மரம்தான் அசல், இந்திய மரம் ஏதோ பதிலி என்று பழைய கிடார் கடைகளில் வெகு காலம் பேச்சு. 1969க்கு முன்னா, பின்னா என்பது ஃபெண்டருக்கு சி.பி.எஸ். போல மார்ட்டினுக்கு ஒரு எல்லைக்கோடு ஆனது. விலையிலும் அந்தக் கோடு இன்றும் தெரிகிறது.

ஆனால் 1992இல் பிரேசில் ரோஸ்வுட் அழிந்துவரும் இனங்களுக்கான உலக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்ந்தது. அந்த மரத்தில் செய்த கிடாரைத் தெருவில் வாங்கிய வெளிநாட்டவர் அதை விற்பனைச் சரக்காக எல்லை கடத்த வேண்டுமானால், மரம் ஒப்பந்தத்துக்கு முந்தியது என்று நிரூபிக்கும் தாள்களும் அரசு அனுமதியும் வேண்டும். தாள் இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிபோகலாம். 2017இல் ஈட்டி உட்பட அந்த மரக் குடும்பம் முழுவதையும் சற்று இளகிய பட்டியலில் சேர்த்தார்கள். கிடார் வியாபாரிகளும் இசைக் கலைஞர்களும் கூச்சல் போட, 2019 நவம்பரில் தயாரித்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு மட்டும் விலக்கு இல்லை.

ஆக, உள் அறையின் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டி-28 தொங்குகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று 1968, மற்றது 1970. முன்பக்கம் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். முதலாவது இரண்டாவதை விடப் பல மடங்கு விலை. அதை வாங்குபவர் முதலில் ஒரு வக்கீலையோ கப்பல் ஏஜென்டையோ பார்க்க வேண்டும். இரண்டாவதன் முதுகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. அரை நூற்றாண்டு கடந்து அதுவும் 'பழமை' ஆகிவிட்டது, விலையும் மெல்ல ஏறுகிறது. வாங்கியவர் பெட்டியில் வைத்து, கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, அன்று மாலையே விமானம் ஏறிவிடலாம்.